பரங்கிமலையில் பயிற்சியில் இருப்பவரை எப்போது திருமணம் செய்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். உங்களுக்கு 25 வயது. கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். நீங்கள் மணக்க விரும்புபவர் சென்னைப் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் இரண்டாவது பருவத்தில் இருக்கிறார். இப்போதே ஓசையில்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஊரறியக் கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. பயிற்சி நிறைவு அணிவகுப்பான பாசிங் அவுட் பரேட் முடிந்த கையோடு கிடைக்கும் விடுமுறையிலேயே முகூர்த்தம் குறித்துவிட வேண்டும் என்பது உங்கள் வீட்டாரின் விருப்பம். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமோ என்று உங்களுக்கு மட்டும் ஒரு தயக்கம்.

அவருடைய யோசனையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். உங்கள் வீட்டார் சொல்வது விதிப்படி சரியானதுதான் என்றாலும், வேறு அவசரம் இல்லாதவரை அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் கமிஷன் (அதிகாரியாக நியமனம்) பெற்று, படைப்பிரிவில் சேர்ந்து, இளம் அதிகாரிகளுக்கான முதல் பயிற்சி வகுப்பை முடித்த பிறகு, ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் திருமணத்தை வைத்துக்கொள்வதே பெரும்பாலான இணைகளுக்குப் பொருந்தி வருகிறது. கணவரின் பணிக்காலம் முழுவதும் கன்டோன்மென்ட் குடியிருப்புகளில் வாழ்ந்து, புதிதாக மணமாகி வந்த பல பெண்களை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். காரணங்களைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் பதிவுத் திருமண யோசனையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவசரமாகத் தடுக்க வேண்டியது அதுதான். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான பெரும்பாலான நுழைவு வழிகள் திருமணமாகாதவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கின்றன. படையில் உயிர்நீத்தவர்களின் மனைவியருக்கான இடங்கள் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பயிற்சி முழுவதும் முடியும் வரை திருமணம் செய்துகொள்வதில்லை என்ற உறுதியை ஏற்றுக்கொண்டுதான் உங்கள் நண்பர் உள்ளே சென்றிருக்கிறார். அந்த உறுதியை மீறினால் பயிற்சியிலிருந்து நீக்கப்படுவதோடு, அதுவரை அரசு அவருக்காகச் செலவிட்ட பயிற்சிச் செலவையும் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை பெறும் ஒருவர், அந்தத் தொகையும் நின்றுபோய், வேலையும் இல்லாமல், மேற்கொண்டு அரசுக்குப் பணம் கட்ட வேண்டிய நிலையில் குடும்ப வாழ்க்கையைத் தொடங்குவது எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

“யாருக்குத் தெரியப் போகிறது?” என்று அவர் கேட்கலாம். பதிவுச் சான்றிதழில் தேதி இருக்கும். திருமணத்துக்குப் பிறகு மனைவியின் பெயரை ராணுவ ஆவணங்களில் சேர்ப்பதற்கு அந்தச் சான்றிதழைத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது முறை ஊரறிய நடத்திய திருமணத்தின் தேதியைக் கொடுக்கலாம் என்று நினைத்தால், பதிவாளர் அலுவலகத்தில் முன்பே உங்கள் இருவர் பெயரிலும் ஒரு பதிவு இருக்கும்போது மறுபடியும் ஒரு பதிவு செய்வது பொய்யான உறுதிமொழி கொடுப்பதாகவே முடியும். அதிகாரியாகப் பொறுப்பேற்கும் ஒருவர் தம் பணியின் முதல் ஆவணங்களிலேயே பொய்யான தேதியைக் கொடுத்துத் தொடங்குவது, பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும், பத்து ஆண்டுக் காலம் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி போகலாம் என்றால் அதற்கு வேறு சிக்கல் உண்டு: திருமணத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அந்த அறிவிப்பு அலுவலகத்தில் வெளிப்படையாக ஒட்டப்படும். ரகசியம் காக்க விரும்புபவர்களுக்கு அதைவிடப் பொருந்தாத வழி இல்லை.

பதிவு வேண்டாம், கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொள்கிறோம் என்று சிலர் நினைப்பதுண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 1967-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, இருவரும் இந்துக்களாக இருந்தால், உறவினரோ நண்பரோ வேறு எவருமோ உடனிருக்க, மாலை மாற்றிக்கொள்வதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும். புரோகிதர் இல்லாமலேயே அது முழுமையான திருமணம். அதை ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்திவிட்டது. சுயமரியாதைத் திருமணங்களுக்கும், பெற்றோர் எதிர்ப்பை மீறி மணப்பவர்களுக்கும் அந்தச் சட்டம் பெரும் பாதுகாப்பு. ஆனால் திருமணம் ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சியில் இருக்கும் ஒருவருக்கு அதே எளிமைதான் ஆபத்து. நான்கு நண்பர்கள் சூழ ஒரு சிறு கோயிலில் தாலி கட்டி, அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தால், பதிவு செய்யவில்லை என்பதால் மட்டும் அது திருமணம் இல்லையென்று ஆகிவிடாது.

நிச்சயதார்த்தத்துக்கு எந்தத் தடையும் இல்லை. இரு பருவங்களுக்கு இடையே கிடைக்கும் விடுமுறையிலோ, பாசிங் அவுட் முடிந்த பிறகோ, இரு வீட்டார் முன்னிலையில் வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டாருக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த உறுதியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், “பெண்ணுக்கு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டால் பாதி நெருக்கடி தீர்ந்துவிடும். மோதிரம் மாற்றிக்கொண்டால் அதுவே திருமணமாகிவிடுமோ என்று மேலே சொன்னதைப் படித்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம். நிச்சயம் செய்வதற்காக மாற்றும் மோதிரம் வேறு, கணவன் மனைவியாக ஏற்பதற்காக அணிவிக்கும் மோதிரம் வேறு. ஆனாலும் நிச்சயதார்த்தம் நிச்சயதார்த்தமாகவே நடக்கட்டும். உற்சாகத்தில் மாலையும் தாலியும் அதில் கலந்துவிட வேண்டாம்.

அடுத்ததாக, பாசிங் அவுட் முடிந்த உடனேயே கல்யாணம் என்ற திட்டம். இதில் முதல் சிக்கல், பாசிங் அவுட் எந்த மாதம் என்பதே உறுதியில்லை என்பது. பரங்கிமலையில் ஷார்ட் சர்வீஸ் கமிஷன் எனப்படும் குறுகிய காலப் பணிக்கான பயிற்சி 49 வாரம். சேரும்போது எல்லோரும் அந்த 49 வாரத்தை நாள்காட்டியில் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் கால் எலும்பில் விரிசல், மூட்டில் காயம், உடற்பயிற்சித் தேர்விலோ வகுப்புத் தேர்விலோ போதிய தேர்ச்சி இல்லாமை என்று ஏதேனும் ஒரு காரணத்தால் ஒரு கேடட் (பயிற்சியில் இருப்பவர்) தம்முடன் சேர்ந்தவர்களைவிட்டுப் பின்தங்கி, அடுத்த அணியோடு சேர்க்கப்படுவது அங்கே அரிதான நிகழ்ச்சியன்று. உள்ளே அதை ரெலிகேஷன் என்கிறார்கள். ஒரு பருவம் தள்ளிப்போனால் ஏறத்தாழ ஆறு மாதம் போய்விடும். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, உறவினர்கள் ரயில் டிக்கெட் எடுத்துவிட்ட நிலையில் இந்தச் செய்தி வந்தால், காயத்தின் வலியைவிடக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட குற்ற உணர்ச்சி அவரை அதிகம் வாட்டும். அதை மறைக்க உடைந்த காலோடு ஓடவும் துணிவார். அப்படித் துணிந்தவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இதைவிடக் கடுமையான சாத்தியமும் உண்டு. பயிற்சியில் ஏற்படும் படுகாயத்தால் மருத்துவக் காரணங்களுக்காக முற்றிலும் வெளியேற்றப்படும் கேடட்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கமிஷன் பெறும் நாள் வரை கேடட் அதிகாரி அல்லர் என்பதால், அப்படி வெளியேறியவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியே கிடைக்காமல் போனது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாகவே முன்வந்து இவர்களுடைய நிலையை விசாரணைக்கு எடுத்த பிறகுதான் இந்த விவகாரம் பொதுவெளியில் பேசப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தை இவர்களுக்கும் நீட்டிக்க அரசு முன்வந்ததும் அதே காலத்தில்தான். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலோர் நல்லபடியாகவே பயிற்சி முடித்து வெளியே வருகிறார்கள். ஆனால் தோள்பட்டையில் நட்சத்திரம் ஏறும் வரை எதுவும் முடிந்துவிடவில்லை என்பதால், அந்த நாளை நம்பி இன்னொரு நாளைக் குறிக்காதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது சிக்கல் பஞ்சாங்கம். பரங்கிமலையில் பரேட் வழக்கமாக மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் நடக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் பரேட் என்றால் அது ஆவணி. பாதி மாதம் கழிந்ததும் புரட்டாசி பிறந்துவிடும். புரட்டாசியில் பல குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசி வரும்போது அவர் விடுமுறை முடிந்து எங்கோ ஒரு யூனிட்டில் இருப்பார். ஆகவே மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில முகூர்த்த நாள்கள். அந்த நாள்களில் கோயம்புத்தூரில் மண்டபம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மார்ச் மாதப் பரேட்டுக்குப் பிறகு பங்குனியும் சித்திரையும் இருப்பதால் நெருக்கடி சற்றுக் குறைவு, அவ்வளவுதான். (சீருடையில் மாப்பிள்ளை நிற்கும் கல்யாணப் புகைப்படத்துக்காகவே பரேட் முடிந்த மறுவாரம் தேதி குறிக்க வேண்டும் என்று அடம்பிடித்த பெற்றோர்களையும் எனக்குத் தெரியும். ஓராண்டு கழித்தும் அதே சீருடைதான் இருக்கும்.)

ஆனால் இந்த இரண்டும் எப்படியாவது சமாளிக்கக்கூடியவை. மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: கமிஷன் பெற்ற முதல் ஓராண்டு ஓர் இளம் லெப்டினன்ட்டின் வாழ்க்கையில் குடும்பத்துக்கு மிகக் குறைவாக இடம் தரும் ஆண்டு. சில வார விடுமுறை முடிந்ததும் அவர் நேராகத் தம் யூனிட்டில் போய்ச் சேர வேண்டும். குறிப்பாகக் காலாட்படையில், புதிதாக வரும் அதிகாரியை முதலில் சில வாரங்கள் ஜவான்களோடு அவர்களுடைய பாரக்கிலேயே தங்க வைப்பார்கள். அவர்களோடு உண்டு, உறங்கி, ஓடி, அவர்கள் பேசும் மொழியைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அதிகாரிகளின் மெஸ்ஸுக்கு வர முடியும். அதன்பிறகும் திருமணமாகாத அதிகாரிகள் மெஸ்ஸில் ஒன்றாகத் தங்கும் அந்தக் காலத்தில்தான் ஒருவர் தம் மூத்தவர்களிடமிருந்து தொழிலைக் கற்கிறார். இடையே இளம் அதிகாரிகளுக்கான பயிற்சிக்கு அனுப்பப்படுவார்: காலாட்படை என்றால் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகருக்கும் கர்நாடகத்தின் பெலகாவிக்கும், பீரங்கிப்படை என்றால் நாசிக் அருகே உள்ள தேவ்லாலிக்கும், பொறியாளர் பிரிவு என்றால் புனேவுக்கும் போக வேண்டியிருக்கும். இந்த வகுப்புகள் பல மாதம் நீளும். அங்கே புதுமனைவியை அழைத்துச் சென்று குடித்தனம் வைப்பது நடைமுறையில் முடியாத காரியம்.

பரேட் முடிந்த விடுமுறையில் மணந்தவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்: கல்யாணம், மறுவீடு, விருந்துகள் என்று பதினைந்து இருபது நாள் ஓடும். பிறகு அவர் கிளம்பிவிடுவார். மணப்பெண் ஒன்று மாமியார் வீட்டில், இன்னும் அறிமுகமே ஆகாத மனிதர்களோடு இருப்பாள், அல்லது கழுத்தில் புதுத்தாலியோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து பழைய வேலையைத் தொடர்வாள். “மாப்பிள்ளை எப்போது வருகிறார்? உன்னை எப்போது அழைத்துப் போகிறார்?” என்ற கேள்விக்கு அவளிடமும் பதில் இருக்காது, அவனிடமும் இருக்காது. காத்திருப்பது என்னவோ எப்படியும் காத்திருப்பதுதான். ஆனால் நிச்சயமான பெண்ணாகக் காத்திருப்பதற்கும், மணமான பெண்ணாகக் காத்திருப்பதற்கும் நம் ஊரில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னவளை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து வந்து இன்றும் மெஸ்களில் வேடிக்கையாகச் சொல்லப்படும் ஒரு வழக்கு உண்டு: லெப்டினன்ட் மணக்கக் கூடாது, கேப்டன் மணக்கலாம், மேஜர் மணக்க வேண்டும், கர்னல் மணந்தே ஆக வேண்டும் என்பது. அந்தக் காலத்துக் கெடுபிடி இப்போது இல்லை. லெப்டினன்ட்கள் தாராளமாகத் திருமணம் செய்துகொள்கிறார்கள். நம் ராணுவத்தில் இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர் என்ற கணக்கு இருப்பதால், கேப்டன் ஆகும் வரை பொறுப்பது அப்படியொன்றும் நீண்ட காலமும் அன்று. பரங்கிமலையிலேயே பயிற்சி பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2006-இல் கமிஷன் பெற்று, கல்லூரிக் காலம் முதல் அறிந்த பெண்ணை 2009-இல்தான் மணந்தார். பயிற்சியையும் பணியின் முதல் ஆண்டுகளையும் தாண்டி நிற்க முடியாத உறவு என்றால் அதைத் தாலி மட்டும் தாங்கிப் பிடித்துவிடாது.

எந்தப் படைப்பிரிவு, எந்த யூனிட், எந்த ஊர் என்பதெல்லாம் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில்தான் கேடட்களுக்குத் தெரியவரும். உங்கள் முதல் சில ஆண்டுகளின் போக்கை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிக்கப் போவது அதுதான். அது தெரிவதற்கு முன்பு திருமணத் தேதியைப் பற்றி நீங்கள் இருவரும் எவ்வளவு பேசினாலும், அது பாதிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விடை தேடுவதாகவே இருக்கும். யூனிட் தெரிந்ததும் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: யூனிட் இப்போது இருக்கும் இடம் பீஸா, ஃபீல்டா, அடுத்து எப்போது நகர்கிறது? ராணுவ யூனிட்கள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய பீஸ் ஸ்டேஷனுக்கும், எல்லைப்புறத்தை ஒட்டிய ஃபீல்டு பகுதிக்கும் மாறி மாறிச் செல்கின்றன. ஃபீல்டில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. யூனிட் இப்போதுதான் பீஸுக்கு வந்திருக்கிறது என்றால், அவர் பயிற்சி வகுப்பை முடித்துத் திரும்பும்போது இன்னும் ஓராண்டுக்கு மேல் அங்கே இருக்கும். உங்களுக்கு ஒன்றாக வாழ ஒரு வீடும் அக்கம்பக்கமும் கிடைக்கும். யூனிட் ஃபீல்டில் இருக்கிறது, ஆனால் அடுத்த ஆண்டு பீஸுக்கு இறங்குகிறது என்றால் அந்த இறக்கத்தை ஒட்டித் திருமணத்தை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவசரப்பட்டு மணந்த ஒரு மாதத்தில் யூனிட் ஃபீல்டுக்கு ஏறிவிட்டால், திருமண வாழ்க்கையின் முதல் இரண்டு ஆண்டையும் சிக்னல் கிடைக்கும் நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளிலேயே நடத்த வேண்டியிருக்கும். அப்படி நடத்தியவர்கள் ஏராளம். ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கையில் இருக்கும்போது அதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

வீடு கிடைப்பதும் உடனே நடப்பதில்லை. பீஸ் ஸ்டேஷன்களில் அதிகாரிகளின் குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு; புதிதாக மணமானவர்கள் சில மாதம் விருந்தினர் அறையிலோ வெளியே வாடகை வீட்டிலோ சமாளிப்பது வழக்கம். விடுமுறையைப் பொறுத்தவரை ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர விடுப்பும் 20 நாள் தற்செயல் விடுப்பும் அதிகாரிகளுக்கு உண்டு. ஏட்டில் தாராளமாகத் தெரியும் இந்தக் கணக்கு கமாண்டிங் ஆபீசரின் ஒப்புதலுக்கு உட்பட்டது. ஆகவே தேதி குறிப்பதற்கு முன் அவர் தம் கமாண்டிங் ஆபீசரிடம் பேசிவிட வேண்டும். முகூர்த்தம் குறித்துவிட்டு விடுப்பு கேட்பதைவிட, விடுப்பு கிடைக்கும் மாதங்களைக் கேட்டுக்கொண்டு முகூர்த்தம் குறிப்பதே எல்லோருக்கும் நிம்மதி.

இனி உங்கள் வேலையைப் பற்றி. நீங்கள் எழுதியதில் அவருடைய பயிற்சி, அவருடைய போஸ்டிங், அவருடைய விடுமுறை எல்லாம் வருகின்றன. உங்கள் வேலை ஒரு வரியில் முடிந்துவிட்டது. இந்த முடிவில் அதற்குச் சமமான எடை இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், அதற்குப் பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. அவர் பெறப்போவது ஷார்ட் சர்வீஸ் கமிஷன்: முதலில் பத்து ஆண்டு, விருப்பமும் தேவையும் இருந்தால் மேலும் நான்கு ஆண்டு. பத்து ஆண்டு முடியும் நேரத்தில் நிரந்தர கமிஷனுக்குத் தேர்வு செய்யப்பட்டால் தொடரலாம். எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. அதிகாரிகள் ஓய்வூதியம் பெற 20 ஆண்டு பணி தேவை என்பதால், பத்திலோ பதினான்கிலோ வெளியேறுபவர் பணிக்கொடை போன்றவற்றைப் பெற்றாலும் மாத ஓய்வூதியம் இல்லாமல்தான் வருவார். அதாவது முப்பதுகளின் நடுவில், குழந்தைகள் பள்ளியில் படிக்கும் வயதில், அவர் மீண்டும் வேலை தேடும் நிலை வரலாம். அந்த நேரத்தில் குடும்பத்தைத் தாங்கப் போவது உங்கள் வேலையாக இருக்கக்கூடும். இன்று அவருக்குக் கிடைக்கப்போகும் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 15,500 ரூபாய் ராணுவப் பணி ஊதியமும் மற்றப் படிகளும் நல்ல வருமானம்தான், அதைப் பார்த்துவிட்டு, “நீ எதற்கு வேலைக்குப் போக வேண்டும்?” என்று யாராவது சொன்னால் இந்தப் பத்து ஆண்டுக் கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே இந்தக் காத்திருப்புக் காலத்தை வெறும் காத்திருப்பாக விடாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய உங்கள் நிறுவனம் அனுமதிக்குமா, வேறு நகரத்துக்கு மாற்றம் தருமா, இல்லையென்றால் அப்படி அனுமதிக்கும் நிறுவனத்துக்கு மாற முடியுமா என்பதையெல்லாம் திருமணத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வடமாநில ராணுவக் குடியிருப்பு ஒன்றில் போய் இறங்கிய பிறகு இந்தத் தேடலைத் தொடங்கிய பெண்கள் பலர், அடுத்த மாற்றல் வந்துவிடுமே என்ற எண்ணத்திலேயே வேலை தேடுவதைக் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் இந்தி கற்றுக்கொள்வதும் பயனுள்ளது. அங்கே பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை அதுதான் பேச்சுமொழியாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், முன்கூட்டியே மணப்பது சரியாக இருக்கும் சூழல்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ பெரியவர் ஒருவருடைய உடல்நிலை மிகவும் மோசமாக இருந்து, அவர் கண்முன்னே திருமணம் நடக்க வேண்டும் என்று நீங்கள் இருவரும் மனமார விரும்பினால், பரேட் முடிந்த விடுமுறையில் எளிமையாக மணந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேறு இடத்தில் கட்டாயத் திருமணம் செய்துவைக்கும் நெருக்கடி இருந்தாலும் அப்படியே. ஆனால் அதுவும் கமிஷனுக்குப் பிறகுதான்.

சிலர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணமும் அவசரத்துக்குப் பின்னால் இருக்கும்: அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். அதை வெளிப்படையாகப் பேசுவதே நல்லது. சட்டத்தின் பார்வையில் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு எந்த உரிமையும் இல்லை. குடும்ப ஓய்வூதியம் சட்டப்படியான மனைவிக்கும், அதன்பின் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உரியது. திருமணம் ஆகும் வரை அவருடைய ஆவணங்களில் நெருங்கிய உறவினராக இருக்கப்போவது அவருடைய பெற்றோர். ஒரு விபத்து என்றால் தகவல் முதலில் அவர்களுக்குத்தான் போகும். நீங்கள் அவருடைய பெற்றோரோடு நல்ல உறவில் இருப்பதும், அவர்களுடைய தொலைபேசி எண் உங்களிடமும் உங்களுடையது அவர்களிடமும் இருப்பதும் இந்த ஓராண்டுக்குத் தேவையான ஏற்பாடு. இந்த அச்சத்துக்காக மட்டும் அவசரப்படுவது வேண்டாம் என்பது என் கருத்து; முதல் ஓராண்டின் பெரும்பகுதி அவருக்குக் கற்பதிலும் பயிற்சி வகுப்புகளிலும்தான் கழியும்.

உங்களைப் போலவே கேட்கும் வேறு சிலருக்கு விடை மாறும் என்பதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். மணக்கப்போகிறவர் அக்னிவீரராக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை: 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் திருமணமாகாதவர்கள் மட்டுமே சேர முடியும், பயிற்சிக்காலம் மட்டுமன்றி நான்கு ஆண்டுப் பணிக்காலம் முழுவதும் மணந்துகொள்ள முடியாது. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பதால், அந்தத் தேர்வின் முடிவு தெரிந்த பிறகு தேதி குறிப்பதே முறை. பயிற்சியில் இருப்பது பெண்ணாக இருந்தாலும் விதி ஒன்றுதான். ஆனால் அவளுக்கு முதல் ஆண்டு இன்னும் கனமானது. ஆண்களோடு சேர்ந்து பரேட் மைதானத்தில் நின்றவள், 2023 முதல் பீரங்கிப்படை வரை போகத் தொடங்கிவிட்டவள், யூனிட்டில் சேர்ந்த சில மாதத்திலேயே, “குழந்தை எப்போது?” என்று இரு வீட்டாரும் கேட்கும் நிலையை உருவாக்கிவிட வேண்டாம் என்று அந்த மாப்பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அவரிடம் இப்போது என்ன பேச வேண்டும்? பயிற்சியில் இருப்பவர்களுக்குத் தூக்கம் குறைவு, கைப்பேசி நேரம் அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் சிறு பொழுதில், களைப்பும் ஏக்கமும் சேர்ந்து, “இப்போதே மணந்துகொள்வோம்” என்று சொல்ல வைக்கும். அந்தப் பேச்சில் உள்ள அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள். திட்டத்தை மட்டும் மறுத்துவிடுங்கள். நீண்ட விவாதத்தை அவர் மீது ஏற்ற வேண்டாம். பதிவு இப்போது இல்லை, நிச்சயதார்த்தம் பாசிங் அவுட்டை ஒட்டி, திருமணத் தேதி யூனிட் தெரிந்த பிறகு என்ற மூன்றை மட்டும் சொல்லிவிட்டு அவரைப் பயிற்சியைக் கவனிக்க விடுங்கள். உங்கள் பெற்றோரிடம் இதையே சொல்லும்போது, அவருடைய பெற்றோரும் உடனிருந்து சொன்னால் எடுபடும்.

திருமணம் முடிந்ததும் செய்ய வேண்டிய காகித வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அவருடைய விடுமுறை முடிவதற்குள் பதிவு செய்யாவிட்டால் இருவரும் சேர்ந்து அலுவலகம் போகும் நாள் அடுத்து எப்போது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழோடும் இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தோடும் அவர் யூனிட்டுக்குத் திரும்பியதும் திருமணத்தை பார்ட் டூ ஆர்டரில், அதாவது பணி ஆவணங்களில் ஏற்படும் மாற்றங்களைப் பதியும் உத்தரவில், பதிவு செய்யச் சொல்லுங்கள். நெருங்கிய உறவினர் பெயர் மாற்றம், ராணுவக் குழுக் காப்பீட்டு நியமனம், உங்களுக்கான அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, ராணுவ மருத்துவமனைச் சிகிச்சை என்று மற்ற எல்லாம் அந்த ஓர் உத்தரவைப் பிடித்துக்கொண்டுதான் வரும். சான்றிதழிலும் உங்கள் ஆதாரிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா, தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்களின் இனிஷியல் வடமாநில அலுவலகங்களில் எத்தனை மாதம் அலைய வைக்கும் என்பது அங்கே குடியிருந்த எல்லோருக்கும் தெரியும்.